ராத்திரி ஃப்ளைட்டா, பகல் ஃப்ளைட்டா?

பட்டுக்கோட்டைக்காரர்களுக்குச் சிங்கப்பூர் பக்கத்து ஊர் மாதிரி. தெருவில் யாரைக் கேட்டாலும் ஒரு மச்சானோ சித்தப்பாவோ அங்கே இருப்பார். விமான நிலையம்தான் தூரம். ஒரத்தநாடு, தஞ்சாவூர், செங்கிப்பட்டி, துவாக்குடி என்று நூறு கிலோமீட்டருக்கு மேல் போனால்தான் திருச்சி விமான நிலையம் வரும். வழியில் ஒரு டீ குடித்தால் காரில் இரண்டரை மணி நேரம். டிக்கெட் தேடும்போது கைபேசியில் இந்த இரண்டரை மணி நேரம் தெரியாது. விமானம் கிளம்புகிற நேரம், இறங்குகிற நேரம், கட்டணம்... அவ்வளவுதான் தெரியும்.

பட்டுக்கோட்டைப் பக்கத்தில் தேங்காய் நார் மில் வைத்திருக்கும் ஒருவர் வீட்டில் இந்தக் கணக்கு இரண்டு நாள் ஓடியது.

அவருக்கு வயது 47. நார்த்தூளை உப்பு போகக் கழுவி, காயவைத்து, கட்டியாக அழுத்திச் சிங்கப்பூரில் செடி விற்கும் கடைகளுக்கு அனுப்புகிறார். 2018 நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயல் இந்தப் பக்கத்துத் தென்னைகளைச் சாய்த்துவிட்டுப் போனபோது, மில்லைப் பூட்டி வைத்துவிட்டு மாதக்கணக்கில் உட்கார்ந்திருந்தவர். அதிலிருந்து எழுந்து வந்ததால் காசு விஷயத்தில் கறார். வாங்குகிறவர்களை வருஷத்துக்கு இரண்டு மூன்று தடவை நேரில் பார்த்துப் பேசிவிட்டு வருவார். இந்த முறை புதன்கிழமை காலை 10 மணிக்கு ஒரு பெரிய கடை முதலாளியைப் பார்க்க வேண்டும். அடுத்த ஆறு மாதத்துக்கான விலையும், பணம் எத்தனை நாளில் வரும் என்பதும் அங்கேதான் முடிவாகும்.

கல்லூரியில் படிக்கும் மகள்தான் டிக்கெட் பார்த்தாள்.

“அப்பா, செவ்வாய்க்கிழமை காலையில பத்தரைக்கு ஒண்ணு இருக்கு. ராத்திரி பன்னெண்டு பத்துக்கு ஒண்ணு இருக்கு. ராத்திரிதான் ரேட்டு கொறச்சல்.”

“அப்ப ராத்திரியே போட்டுடும்மா. ஒரு நாள் மிச்சம். அங்க ஒரு நாள் ரூம் வாடகையும் மிச்சம்.”

அடுப்படியிலிருந்து மனைவி குரல் கொடுத்தார். “போன தடவையும் இப்படித்தாங்க மிச்சம் புடிச்சீங்க.”

அதற்கு அவரிடம் பதில் இல்லை. போன தடவை ராத்திரி விமானத்தில் போய் இறங்கி, முகம் கழுவி, நேராகக் கடைக்குப் போனார். சரக்கு போய்ச் சேர்ந்து 30 நாளில் பணம் என்பதுதான் அதுவரை பேச்சு. அன்று அந்த முதலாளி 60 நாள் கேட்டார். வேறொரு நாளாக இருந்தால் சிரித்துக்கொண்டே பேச்சை மாற்றியிருப்பார். இல்லாவிட்டால் ஒரு காப்பி சொல்லி நேரத்தை ஓட்டியிருப்பார். அன்றைக்குப் பேசி முடித்தால் போதும், எங்கேயாவது படுத்தால் போதும் என்று இருந்திருக்கிறது. “சரி” என்று சொல்லிவிட்டார். அந்த ஒரு ‘சரி’க்கு ஆறு மாதம் மில்லில் கூலி கொடுக்கக் கைமாற்று வாங்க வேண்டியிருந்தது. மிச்சமான அறை வாடகை எங்கே போனதென்று மனைவி கேட்பதில் தப்பில்லை.

ராத்திரி விமானம் ‘ஒரு நாளை மிச்சம் பிடிக்கும்’ என்கிற நம்பிக்கை இந்த ஊருக்கு எங்கிருந்து வந்தது? ரயிலிலிருந்துதான் வந்திருக்க வேண்டும். மீட்டர் கேஜ் காலத்தில் சென்னைக்குக் கம்பன் எக்ஸ்பிரஸ் இருந்தது. ராத்திரி பட்டுக்கோட்டையில் ஏறிப் படுத்தால் காலையில் எழும்பூர். குளித்துவிட்டுச் செக்ரடேரியட்டோ ஆஸ்பத்திரியோ போய் வேலையை முடித்துவிட்டு, மறுபடி ராத்திரி ஏறினால் விடிந்ததும் ஊர். பாதை அகலப்பாதையாவதற்காக ரயில் நின்று, 2018-இல் காரைக்குடிப் பக்கமும் 2019-இல் திருவாரூர்ப் பக்கமும் மறுபடி திறக்கும்வரை அந்த வேலையை ஆம்னி பஸ்கள் பார்த்தன. அதிலும் படுக்கை வந்துவிட்டது.

ரயிலில் முதுகை நீட்டிப் படுக்கிறோம். குறைந்த கட்டண விமானத்தில் உட்கார்ந்தபடி கண்ணை மூடுகிறோம். இரண்டையும் ‘ராத்திரிப் பயணம்’ என்று ஒரே பெயரில் சொல்லிக்கொள்வதுதான் சிக்கல்.

ராத்திரி 12.10 விமானத்தையே எடுத்துக்கொள்வோம். வெளிநாட்டுப் பயணம் என்பதால் மூன்று மணி நேரம் முன்னால் போகச் சொல்வார்கள். அப்படியானால் பட்டுக்கோட்டையில் மாலை 6 மணிக்குக் கிளம்ப வேண்டும். விமானம் பறப்பது நாலேகால் மணி நேரம். அதில் மேலே ஏறி விளக்கை அணைக்கும்வரை கொஞ்சம் போகும்; இறங்குமுன் எழுப்பிவிடுவதில் கொஞ்சம் போகும். நடுவில் கிடைப்பது மிஞ்சிப்போனால் மூன்று மணி நேரம். அந்த மூன்று மணி நேரமும் கேபினுக்குள் காற்றழுத்தம் ஏறக்குறைய ஊட்டியில் இருப்பது போலிருக்கும். ஈரப்பதமோ 20 சதவிகிதத்துக்கும் கீழே போய்விடும். தொண்டை வறண்டு விழிப்பு வருவது இதனால்தான். பக்கத்து சீட்டுக்காரர் குறட்டை மட்டும் காரணமில்லை.

இதற்கு மேல் இன்னொரு வெட்டு இருக்கிறது. சிங்கப்பூர் கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. கிழக்கே பறக்கும்போது ராத்திரியே அந்த அளவுக்குச் சுருங்கிவிடும். விமானம் இறங்கும்போது அங்கே காலை 6.55. உடம்புக்கு அது விடியற்காலை 4.25. உடல் சூடு குறைந்து, தூக்கம் ஆளை அமுக்குகிற நேரம். அந்த நேரத்தில்தான் எழுந்து, பெட்டியை எடுத்துக்கொண்டு, குடிநுழைவு வரிசையில் நிற்க வேண்டும். (துபாய் போகிறவர்களுக்கு இது நேர்மாறு. அங்கே கடிகாரம் ஒன்றரை மணி நேரம் பின்னால் இருப்பதால் ராத்திரி நீளும். கையில் கிடைக்கும் அந்த ஒன்றரை மணி நேரத்தில் படுக்க இடம் கிடைக்குமா என்பது வேறு கேள்வி.)

அவர் வீட்டில் எல்லாரும் காலை ஐந்தரைக்கு எழுந்துவிடுவார்கள். செவ்வாய்க்கிழமை ஐந்தரைக்கு எழுந்தவர் புதன்கிழமை சிங்கப்பூர் நேரம் 10 மணிக்கு முதலாளி முன்னால் உட்காரும்போது 26 மணி நேரம் ஆகியிருக்கும். நடுவில் சீட்டில் போட்ட கோழித்தூக்கம் மட்டும்தான் கணக்கில் வரவு. 1997-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் இருவர் ‘நேச்சர்’ இதழில் ஒரு சோதனை முடிவை வெளியிட்டார்கள். 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருந்தவர்களின் கை, கண் ஒருங்கிணைப்பு, ரத்தத்தில் 0.05 சதவிகிதம் மது இருப்பவர்களைப் போல இருந்தது. 24 மணி நேரத்தில் அது ஏறக்குறைய 0.10 சதவிகிதத்துக்குச் சமமானது. நம் நாட்டில் வண்டி ஓட்டுவதற்குச் சட்டம் வைத்திருக்கும் எல்லையே 0.03 சதவிகிதம்தான். குடித்துவிட்டு வியாபாரம் பேசப் போவாரா அவர்? சிகரெட்கூடக் கிடையாது.

இவ்வளவு அசௌகரியம் இருந்தும் ஏன் இத்தனை விமானங்கள் ராத்திரியில் பறக்கின்றன என்று கேட்கலாம். விமானம் தரையில் நிற்கும் ஒவ்வொரு மணி நேரமும் கம்பெனிக்கு நஷ்டம். சிங்கப்பூரிலிருந்து சாயங்காலம் கிளம்பித் திருச்சியில் ஆட்களை இறக்கி, புது ஆட்களை ஏற்றிக்கொண்டு ராத்திரியோடு திரும்பினால், காலையில் அதே விமானத்தை இன்னொரு ஊருக்கு அனுப்பலாம். அங்கிருந்து ஆஸ்திரேலியாவுக்கோ தாய்லாந்துக்கோ மாறிப் போகிறவர்களுக்கும் காலையில் சாங்கி விமான நிலையத்தில் இறங்குவதுதான் வசதி. திருச்சிக்கு 1,100 கோடி ரூபாய்க்கு மேல் செலவில் புது முனையம் வந்து, 2024 ஜூனில் பயன்பாட்டுக்கும் வந்துவிட்டது. வெளிச்சமும் கோபுர ஓவியங்களும் கண்ணைப் பறிக்கின்றன. விமான அட்டவணை மட்டும் பட்டுக்கோட்டையின் தூக்கத்தைக் கேட்டுப் போடப்படுவதில்லை.

“சரி, சென்னைக்குப் போய் ஏறினா?” என்று மகள் கேட்டாள். சென்னையில் பகல் விமானங்கள் கூடுதல்தான். ஆனால் அதைப் பிடிக்க முந்தின ராத்திரி பஸ்ஸில் கிளம்ப வேண்டும். ராத்திரி வானத்தில் போகாமல் விழுப்புரம் ரோட்டில் போகும். அவ்வளவுதான் வித்தியாசம்.

பகல் விமானமும் முழுக்கப் பகல் இல்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். பத்தரை மணி விமானத்துக்கு ஏழரைக்கு அங்கே இருக்க வேண்டும். வீட்டில் நாலே முக்காலுக்குக் கிளம்ப வேண்டும். அதற்கு மூன்றரைக்கு அலாரம். அன்றைக்கும் அரைத் தூக்கம்தான். ஆனால் சிங்கப்பூரில் மாலை ஐந்தேகாலுக்கு இறங்கி, தேக்கா பக்கம் ஒரு அறையில் சாப்பிட்டுப் படுத்தால், மறுநாள் காலை ஏழு மணிக்கு எழலாம். உடம்புக்கு அது நாலரை மணி. டெல்டாவில் அந்த நேரத்துக்கு எழுந்து வயலுக்குப் போகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கட்டிலில் படுத்த ஏழு மணி நேரத் தூக்கம் கையில் இருக்கும். சர்க்கரை மாத்திரையையும் வேளை தவறாமல் போட்டுக்கொள்ளலாம். போன தடவை ராத்திரி மாத்திரை எது, காலை மாத்திரை எது என்று குழம்பி, இரண்டையும் விட்டுவிட்டார். அதை மனைவியிடம் சொல்லவில்லை. மகளுக்குத் தெரியும்.

மனைவி கவலைப்பட்டது தன் கணவருக்காக மட்டும் இல்லை.

“கார் ஓட்டுற தம்பிய நெனச்சுப் பாத்தீங்களா? போன தடவை திரும்பி வரும்போது ராத்திரி ரெண்டு மணி. நீங்க பின்னாடி தூங்கிட்டீங்க. அந்தப் பையன் காலையில ஆறு மணிக்கு எந்திரிச்சு ஸ்கூல் புள்ளைங்கள ஏத்திட்டுப் போனவன்.”

அவர் யோசித்துப் பார்த்தார். சிங்கப்பூரிலிருந்து வருகிற விமானம் ராத்திரி பத்தே முக்காலுக்கு இறங்கினால், பெட்டி வந்து வெளியே வரப் பதினொன்றரை. வீடு வந்து சேர இரண்டு மணி. காலை ஆறு மணிக்கு எழுந்த டிரைவர் 20 மணி நேரமாக விழித்திருக்கிறார். தஞ்சாவூர்வரை நாலுவழிச் சாலை. விளக்கும் வண்டிகளும் இருக்கும். ஒரத்தநாடு தாண்டிய பிறகு இருபுறமும் இருட்டு, தென்னை, அறுவடை நாளில் ரோட்டோரம் நெல் குவியல். அங்கேதான் கண் அசரும். விமானி எத்தனை மணி நேரம் பறக்கலாம், எத்தனை மணி நேரம் ஓய்வெடுக்க வேண்டும் என்பதற்கெல்லாம் விதி உண்டு. நம்மை வீட்டில் கொண்டுவந்து சேர்க்கிறவரிடம் அப்படி யாரும் கணக்குக் கேட்பதில்லை. “அண்ணே, ஒண்ணும் பிரச்னயில்ல, ஓட்டிருவேன்” என்று அவர் சொல்வதுதான் விதி.

கடைசியில் போவதற்குப் பகல் விமானம் போட்டார்கள். திரும்பும்போது ராத்திரி விமானம்தான் கிடைத்தது. அதற்கு டிரைவரை வரச் சொல்லவில்லை. திருச்சியிலேயே ஒரு லாட்ஜில் படுத்துவிட்டு, விடிந்ததும் தஞ்சாவூர் பஸ், அங்கிருந்து பட்டுக்கோட்டை பஸ். லாட்ஜ் வாடகை, கார் ஒரு தடவை வந்துபோகிற செலவைவிடக் குறைவாகவே ஆனது. அதைக் கணக்குப் போட்டுப் பார்த்து அவரே ஆச்சரியப்பட்டார்.

முதலாளி இந்த முறை 60 நாளிலேயே நின்றார். பேசிப் பேசி, மதியச் சாப்பாடுவரை இழுத்து, 45 நாளில் முடித்துக்கொண்டு வந்தார் இவர். விலையில் கொஞ்சம் இறங்க வேண்டியிருந்தது. எல்லாம் தூக்கத்தால் வந்தது என்று சொல்ல முடியாது. சரக்குக்குக் கிராக்கியும் இருந்திருக்கலாம். மதியச் சாப்பாடுவரை உட்கார்ந்து பேச முடிந்ததே என்பதுதான் மனைவியின் கணக்கு.

முதலாளிக்குத் தேர்வு இருக்கிறது. கூலிக்குப் போகிறவனுக்கு இருக்கிறதா? அடுத்த மாதமே அந்தக் கேள்வி அதே வீட்டுக்கு வந்தது. மனைவியின் தம்பி சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் சாரம் கட்டுகிறார். 21 நாள் லீவில் வந்திருந்தார். திங்கள்கிழமை காலை வேலையில் நிற்க வேண்டும். நாலு வயதில் ஒரு பெண் குழந்தை.

இந்த ஊரிலிருந்து கடல் தாண்டிப் போனவர்களுக்கு ஒரு காலத்தில் இந்தக் கேள்வியே இல்லை. நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பலிலோ, பிறகு எம்.வி.சிதம்பரத்திலோ ஏறினால் நாள்கணக்கில் கடல். இறங்கும்போது உடம்பு புது ஊர் நேரத்துக்குத் தானே பழகியிருக்கும். 1985 பிப்ரவரியில் சிதம்பரம் கப்பலில் தீப்பிடித்ததோடு அந்தக் காலம் முடிந்தது. இப்போது நாலேகால் மணி நேரம். லீவும் அதே மாதிரி மணிக்கணக்கில் எண்ணப்படுகிறது.

அவர் போட்டிருந்த திட்டம் ஞாயிற்றுக்கிழமை ராத்திரி விமானம். சாயங்காலம் ஆறு மணிவரை குழந்தையோடு இருக்கலாம். பகல் விமானம் என்றால் குழந்தை தூங்கும்போதே கிளம்ப வேண்டும். ஒரு முழு நாளும் போய்விடும். சாரம் கட்டுகிறவருக்கு ராத்திரி விமானம் மிச்சம் பிடித்துத் தருவது பணத்தை இல்லை, மகளோடு இருக்கிற ஒரு ஞாயிற்றுக்கிழமையை. இதை வேண்டாம் என்று யார் சொல்வது?

மச்சான்தான் சொன்னார்.

“மாப்ள, நான் தூங்காம போயி ஒரு ‘சரி’ சொன்னேன். பணத்தோட போச்சு. நீ நிக்கிறது சாரத்து மேல.”

“பழக்கம்தான் மச்சான். எல்லாரும் அப்படித்தான் போறோம். ரூமுல பெட்டிய வச்சிட்டு நேரா லாரி ஏறிருவோம்.”

“எத்தன அடி ஒசரம்?”

அதற்குத் தம்பி பதில் சொல்லவில்லை. அவருடைய மனைவி குழந்தைக்குத் தலை வாரிக்கொண்டிருந்தார். கை நின்றது. கொஞ்ச நேரம் கழித்து அவர்தான் பேசினார். “சனிக்கிழமை ராத்திரியே போங்க. ஞாயித்துக்கெழம அங்க லீவுதானே. படுத்துத் தூங்கிட்டு வேலைக்குப் போங்க.”

டிக்கெட்டை மாற்ற அபராதம் கட்டினார்கள். மகள் மாற்றும்போது ஒரு குழப்பம். சனிக்கிழமை ராத்திரி 12.10 விமானத்துக்கு டிக்கெட்டில் தேதி ஞாயிற்றுக்கிழமை என்று இருக்கும். சனிக்கிழமையைத் தொட்டிருந்தால் வெள்ளிக்கிழமை ராத்திரி டிக்கெட் வந்திருக்கும். நள்ளிரவு தாண்டிக் கிளம்பும் விமானத்தில் இந்த இடத்தில் ஏமாந்து, ஒரு நாள் கழித்துப் பெட்டியோடு போய் நின்றவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. கடிகாரத்துக்குப் பன்னிரண்டு மணிக்கு நாள் மாறுகிறது. அவருடைய அம்மாவுக்கோ விடிந்தால்தான் மறுநாள்.

“அப்ப சனிக்கெழமதானே கெளம்புறான்? கிழக்க சூலமாச்சே,” என்றார் அம்மா.

“அப்பாயி, வேன் மொதல்ல மேக்கால திருச்சிக்குத்தான் போவுது,” என்றாள் பேத்தி.

“போறது எங்கிட்டோ போவட்டும், சேர்ற ஊரு கிழக்கதானே இருக்கு? தயிரு சாப்புட்டுட்டுக் கெளம்பச் சொல்லு.”

வழியனுப்ப ஒன்பது பேர் போவதாக முடிவானது. திருச்சிக்கு ஒருவர் தனியாகப் போய் விமானம் ஏறியதாகப் பட்டுக்கோட்டைப் பக்கம் வரலாறு கிடையாது. அன்று டிரைவர் தம்பிக்குக் காலைச் சவாரி எதுவும் வேண்டாம் என்று மில்காரர் முன்கூட்டியே சொல்லி, அந்தக் காசையும் கொடுத்துவிட்டார். மதியம் சாப்பாடு போட்டு, திண்ணையில் பாய் விரித்து, மேசை விசிறியை இழுத்து வைத்தார்கள். சனிக்கிழமை மதியம் இரண்டு மணி. உள்ளே பெட்டியை எடைபோடுகிறார்கள், ஊறுகாய் பாட்டிலுக்கு டேப் ஒட்டுகிறார்கள், குழந்தைகள் தாழ்வாரத்தில் ஓடுகின்றன.

“சத்தம் போடாதீங்கடா,” என்று கிழவி அதட்டினார். “டிரைவர் தம்பி தூங்குறாருல்ல.”